தட்டாத பெல்ட்

ஞாயிற்றுக்கிழமை காலையில் சிங்கப்பூரில், பிடோக் வட்டாரத்தில் ஒரு ஒன்பதாவது மாடி வீட்டில் நடக்கிற காரியத்தை அக்கம்பக்கத்தார் யாரும் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் டாரியஸைக் கேலி செய்தே ஒரு வழி பண்ணியிருப்பார்கள். மகளைக் கட்டிக்கொடுத்துவிட்ட மனுஷன், முன்மண்டை பாதி வழுக்கை, கண்ணாடி முன்னால் நிற்கிற மனைவிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு அவள் கழுத்துச் சங்கிலிக்குக் கொக்கி மாட்டிவிடுவார். மாட்டி முடித்ததும் அவள் பின்கழுத்தில் விரலால் ஒரு தட்டுத் தட்டுவார். மாட்டியாயிற்று, கிளம்பு என்று அதற்கு அர்த்தம். அந்தத் தட்டு விழாமல் ஜெனிவீவுக்கு ஞாயிறு விடிந்ததாகக் கணக்கில்லை.

இது சும்மா கொஞ்சல் இல்லை, காரணம் இருக்கிறது. ஜெனிவீவ் வேலை பார்ப்பது ஒரு பெல்ட் கம்பெனியில். இப்படிச் சொன்னதும் கேட்கிறவர்கள் அவரவர் இடுப்பைப் பார்த்துக்கொள்வார்கள். அந்த பெல்ட் இல்லை. தச்சர் மரத்தைத் தேய்க்கிற உப்புத்தாள் எல்லாருக்கும் தெரியும். அதையே முரட்டுத் துணியில் செய்து, இரண்டு முனையையும் ஒட்டி வளையமாக்கி, இரண்டு சக்கரங்களில் மாட்டி ஓடவிட்டால் அதுதான் மெருகு பெல்ட். கடையில் பளபளவென்று மின்னுகிற எந்த ஸ்டீல் சாமானும் அதில் உரசிக்கொண்டுதான் வந்திருக்கும். ஓடுகிற பெல்ட்டுக்குப் பக்கத்தில் கழுத்தில் சங்கிலி தொங்கக் கூடாது, ஆளையே இழுத்துக்கொண்டு போய்விடும். ஆகவே வாரம் முழுக்க அவளுடைய தாலிச் சங்கிலி அலமாரியில் ஒரு சின்னப் பெட்டிக்குள் தூங்கும். ஞாயிறு தேவாலயத்தில் நடக்கிற தமிழ்ப் பூசைக்கு மட்டும் வெளியே வரும். கல்யாணமான புதிதில் அவள் சொன்னாள்: "நீங்கதானே கட்டுனீங்க? அப்ப வாராவாரம் நீங்களே கட்டுங்க." அவரும் கட்டிக்கொண்டிருக்கிறார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கொக்கி மாட்ட ரொம்ப நேரமாயிற்று.

"என்னங்க, பஸ் போயிடும்."

"இரு லா. கொக்கி தேஞ்சு போச்சு, நிக்க மாட்டேங்குது."

அவள் கண்ணாடியில் பார்த்தாள். நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ஊசியில் நூல் கோக்கிறவர் மாதிரி அவர் நின்றிருந்தார். கொக்கி அவருடைய விரல்களுக்கு நடுவில்தான் இருந்தது. இருப்பது விரலுக்குத் தெரியவில்லை. வலது கை விரல் நுனிகள் இரண்டும் வெளுத்துப்போய், சோப்பு நீரில் ஊறியவை மாதிரி இருந்தன. கடைசியில் ஒருவழியாக மாட்டினார். தட்ட மறந்துவிட்டார்.

பூசையில் எதுவும் தெரியவில்லை. டாரியஸ்தான் பாடகர் குழுவுக்குத் தலைவர். முன்வரிசையில் நின்று கையை வீசி எல்லாரையும் பாட வைத்தார். பின்வரிசையில் யாராவது சுதி விலகினால் திரும்பிப் பார்க்காமலே ஆளைக் கண்டுபிடித்துவிடுகிற காது அவருக்கு. ஜெனிவீவுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. ஒருமுறை ஆசைப்பட்டுக் குழுவில் சேர்ந்தாள். அவர் அவளுடைய போனில் சுதி பார்க்கிற ஆப் ஒன்றைப் போட்டுக்கொடுத்து, நிறையப் பொறுமையோடு பழக்கினார். ஆப்பில் இருக்கிற முள் அவள் குரலைக் கேட்டு இரண்டு பக்கமும் ஆடியதே தவிர நடுவில் நிற்கவில்லை. "நீ மனசுக்குள்ள பாடு ஜெனி, ஆண்டவருக்குக் கேக்கும்" என்று அவர் சொல்ல, அன்றைக்கு இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் சோறு ஆறிப்போயிற்று.

பூசை முடிந்ததும் தேக்கா சந்தையில் தோசை சாப்பிட்டார்கள். பிறகு அவர் அவளை சிராங்கூன் சாலையில் ஒரு நகைக்கடைக்கு இழுத்துப்போய் பழைய கொக்கியைக் கழற்றச் சொல்லி, அதைவிட மூன்று மடங்கு பெரிய ஒன்றைப் போடச் சொன்னார். மாட்டுக்கு மாட்டலாம் போலிருந்தது. ஜெனிவீவ் பழைய கொக்கியைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள்.

தேய்மானம் அளப்பதுதான் அவள் பிழைப்பு. திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாகக் கொக்கியைப் பரிசோதனைக்கூடத்து உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தாள். தேய்மானம் என்று பேருக்குக்கூட இல்லை. கடையில் வாங்கிய நாளில் இருந்த மாதிரியே இருந்தது. இந்த மனுஷன் பொய் சொல்கிறார் என்று தெரிந்ததும் அவளுக்குக் கோபம் வரவில்லை, பயம் வந்தது. டாரியஸுக்குப் பொய் சொல்ல வராது. வராத ஒன்றைச் செய்கிறார் என்றால் விஷயம் பெரிது.

அந்த வாரம் முழுக்க அவரை நோட்டம் விட்டாள். பொத்தான் வைத்த சட்டைகளெல்லாம் அலமாரியிலேயே தொங்க, அவர் டீ-ஷர்ட்டாகப் போட்டுக்கொண்டு போனார். கோப்பிக் கடையில் சில்லறை அவர் கையிலிருந்து விழுந்தது, விழுந்தது அவருக்குத் தெரியவில்லை. அப்புறம் அந்தக் கண்ணாடித் தம்ளர். கொதிக்கக் கொதிக்க வருகிற கோப்பியை ஊரே விளிம்பைப் பிடித்துத் தூக்கும். டாரியஸ் தம்ளரின் இடுப்பைப் பிடித்துத் தூக்கி, நிதானமாகக் குடித்து, நிதானமாக வைத்தார்.

"சுடலையா?" என்றாள்.

"என்னது?"

"கோப்பி."

அவர் தம்ளரைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். மாட்டிக்கொண்டது தெரிந்தது.

"காலைல மட்டும்தான் ஜெனி. வெரல் மரத்துப் போகும், கொஞ்சம் வெளுக்கும். தேச்சா சரியாயிடும்."

"எத்தன மாசமா?"

அவர் கோப்பியைக் கலக்கினார். சர்க்கரை போடாத கோப்பி. கலக்க அதில் ஒன்றுமில்லை.

பாலிகிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனாள். இத்தனை வருஷமாகப் பட்டறை இயந்திரத்தின் அதிர்வு கையில் ஏறி ஏறி விரல் நரம்புகள் அடிபட்டிருக்கின்றன என்றார் டாக்டர். இன்னும் ஆரம்பக் கட்டம்தான். அதிர்வு குறைந்தால் மெல்ல மெல்ல உணர்ச்சி திரும்பலாம். குறையாவிட்டால் திரும்பாது, அப்புறம் பாத்திரம் கழுவக்கூட இன்னொருவர் கை வேண்டும். முதலாளியிடம் சொல்லிவிடுங்கள் என்றார். சரி என்றார் டாரியஸ். டாரியஸின் சரி எந்த மாதிரிச் சரி என்று அந்த டாக்டருக்குத் தெரியாது, பாவம்.

வீடு வந்ததும் அவர் கெஞ்சினார். "முகைதீன் அண்ணன்கிட்ட சொல்லாத ஜெனி. சொன்னா மறுநாளே பேக்கிங்கில போட்டுடுவாரு. அட்டப்பொட்டிக்கு டேப் ஒட்டிக்கிட்டு நான் உக்காந்திருக்கணுமா?"

முகைதீன், டாரியஸ் வேலை பார்க்கிற மெருகுப் பட்டறையின் மேற்பார்வையாளர். டாரியஸுக்கு அங்கே ரேடியோ என்று பெயர். குளியலறைச் சுவரில் வயதானவர்கள் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிற ஸ்டீல் கைப்பிடிகளுக்குக் கடைசி மெருகு போடுகிறவர் அவர். வேலை செய்துகொண்டே பாடுவார். பெல்ட் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தட்டல் கொடுக்கும். டக், டக், டக், டக். அந்தத் தாளத்தில்தான் ஞாயிற்றுக்கிழமைப் பாட்டெல்லாம் வாரம் முழுக்க ஒத்திகை நடக்கும். காதடைப்பான் போட்டிருந்தாலும் தாளம் கை எலும்பு வழியாக வந்து சேர்ந்துவிடும் என்று பெருமையாகச் சொல்லுவார்.

எலும்பு வழியாக. ஜெனிவீவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"அந்தத் தட்டல் எங்கேருந்து வருது தெரியுமா உங்களுக்கு?"

"பெல்ட்டுலேருந்து."

"பெல்ட்டுல எங்க?"

அவருக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரியும். பெல்ட்டின் இரண்டு முனையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒட்டியிருக்கிற இடம் மட்டும் கொஞ்சம் தடித்திருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் அந்தத் தடிப்பு வந்து கையில் பிடித்திருக்கிற சாமானை முட்டிவிட்டுப் போகும். பட்டறைக்கு பெல்ட் அவளுடைய கம்பெனியிலிருந்துதான் போகிறது. அந்த ஒட்டை இப்படித்தான் ஒட்ட வேண்டும் என்று முடிவு செய்து கையெழுத்துப் போட்டவள் அவள்தான். உறுதியான ஒட்டு, அறுந்துபோகாது என்று எல்லாரும் பாராட்டிய ஒட்டு. காலையில் அவள் அனுப்புகிற தட்டல், சாயங்காலம் இவருடைய விரலில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

அவள் அவருடைய வலது கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு சொன்னாள்: "தட்டாத பெல்ட் ஒண்ணு நான் செய்யறேன். செஞ்சு, அது தேறலன்னா, முகைதீன் அண்ணன்கிட்ட நானே சொல்லிடுவேன். அப்ப நீங்க அழுதாலும் சரி, பேக்கிங்தான்."

"தேறிடுச்சுன்னா?"

"தேறட்டும் முதல்ல."

சொல்வது சுலபம். முனைகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றாமல் நேருக்கு நேர் வைத்து, பின்பக்கம் மெல்லிய பட்டை கொடுத்து ஒட்ட வேண்டும். நேர்கோட்டில் வெட்டினால் அந்தக் கோடே முட்டும் என்று முனைகளை அலைபோல வளைத்து வெட்டினாள். பட்டை மெல்லிசாக இருந்தால் அறுந்தது, கெட்டியாக இருந்தால் தட்டியது. குளிர்சாதன அறைக்குள் அருமையாக ஓடிய பெல்ட், மழை நாளில் கதவைத் திறந்துவைத்து ஓட்டிப் பார்த்தால் ஈரத்தில் ஒட்டு இளகி வாயைப் பிளந்தது. சிங்கப்பூரில் எந்தப் பட்டறைக்குக் கதவு சாத்தியிருக்கிறது? பசையை மாற்றினாள், அதைக் காயவைக்கிற சூட்டை மாற்றினாள், மறுபடி மாற்றினாள். அவளுக்கு மேலதிகாரி ஹம்னா. மகள் வயதுதான் இருக்கும். தினமும் கடைசி ஆளாக விளக்கை அணைக்கிற ஜெனிவீவை அவள் ஒருநாள் நிறுத்திக் கேட்டாள்.

"அக்கா, இந்த ஜாயின்ட் மேல உங்களுக்கு என்ன இவ்வளவு லவ்? கஸ்டமர் யாரும் கம்ப்ளெய்ன் பண்ணலையே."

"ஃபினிஷிங் நல்லா வரும் ஹம்னா."

"ஃபினிஷிங்." ஹம்னா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பட்டறையில் அக்காவின் வீட்டுக்காரர் வேலை பார்ப்பது அவளுக்கும் தெரியும். "சரி, ஃபினிஷிங்னே வச்சுக்குவோம். ஒரு பட்டறைக்கு டிரையல் அனுப்பலாம். அவங்க வேணாம்னு சொல்லிட்டா மேல இருக்கவங்க இத மூடிடுவாங்க. அதையும் சொல்லிடறேன்."

எந்தப் பட்டறைக்கு என்று அவள் கேட்கவில்லை. நல்ல பெண்.

தட்டாத பெல்ட் பட்டறைக்குப் போன அன்று ஜெனிவீவுக்கு மதியச் சாப்பாடு இறங்கவில்லை. சாயங்காலம் டாரியஸ் வீட்டுக்கு வந்தார். "எப்படி?" என்றாள். "சத்தமே இல்ல" என்றார். "கைக்கு?" என்றாள். "கைக்குச் சுகமாத்தான் இருக்கு" என்றார். அதைச் சொன்ன முகத்தில் சுகம் எதுவும் இல்லை. குளிக்கப் போனவர் குளியலறையில் பாடவும் இல்லை.

காரணம் மறுநாள் முகைதீனின் போனில் வந்தது.

"தங்கச்சி, கோவிச்சுக்காத. உங்க புது பெல்ட்டு சரிப்பட்டு வரல. கைப்பிடியெல்லாம் சூடேறி நீலம் பாரிச்சுப் போவுது. நேத்து பாதிய ஒதுக்கிட்டேன். இன்னைக்கும் அதே கததான். டாரியஸ் மாதிரி ஆளே இப்படிச் செஞ்சா, மத்தவன் கையில குடுத்தா என்னாவறது? பழைய பெல்ட்டையே அனுப்பிடு."

"ஒரு நாள் டைம் குடுங்க அண்ணே. நானே வந்து பாக்கறேன்."

"நாளைக்கு வா. அதுக்கு மேல என்னால இழுக்க முடியாது, சரக்கு அனுப்பணும்."

அன்றைக்கு வீட்டில் சண்டை. இவர்களுடைய சண்டை எப்படியென்றால், அவள் பேசுவாள், அவர் வெங்காயம் உரிப்பார்.

"வேணும்னே செய்யறீங்களா? பேக்கிங்கும் வேணாம், புது பெல்ட்டும் வேணாம், பழைய டக் டக்கே போதும்னு?"

"சேச்சே."

"பின்ன ஏன் கருகுது? அதே ஸ்டீல், பெல்ட்டுல அதே மணல். ஒட்டு மட்டும்தான் மாறியிருக்கு. ஒட்டு எப்படிங்க சூட்டக் கெளப்பும்?"

"எனக்கு என்ன தெரியும்? வழக்கம்போலத்தான் வைக்கிறேன்." வெங்காயத்தோல் இரண்டு மூன்று தடவை விரலிலிருந்து நழுவியது. அவர் அதைப் பிடிக்கப் போராடுவதைப் பார்த்ததும் அவளுடைய குரல் தணிந்துவிட்டது. கத்தியை வாங்கித் தானே நறுக்கினாள். கண்ணில் தண்ணீர் வந்தது. வெங்காயம்தான் என்று இரண்டு பேருமே வைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் பட்டறைக்குப் போய் அவருக்குப் பக்கத்தில் நின்றாள். முகைதீன் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றார். பெல்ட் ஓடியது. ஹும் என்று ஒரே சீரான ரீங்காரம், தட்டல் இல்லை. எத்தனை நாள் பாடுபட்டுச் செய்த பெல்ட், பார்க்கவே அவளுக்குப் பெருமையாக இருந்தது. டாரியஸ் ஒரு கைப்பிடியை எடுத்து பெல்ட்டில் வைத்தார். தோளைக் கொடுத்து அழுத்தினார். இன்னும் அழுத்தினார். பொறி பறந்தது, ஸ்டீல் ஓரத்தில் நீலம் ஏறியது.

"நிறுத்துங்க" என்றாள். "எதுக்கு இப்படி அமுக்குறீங்க?"

"எப்பவும் வைக்கிற மாதிரிதான்."

"இல்ல. ஆளே சாஞ்சு அமுக்குறீங்க. அப்புறம், ஏன் பாடல?"

"தாளம் இல்லாம எப்படி லா பாடுறது?" என்றார் எரிச்சலோடு. பிறகு கைப்பிடியைக் கீழே வைத்துவிட்டு, தன் கைகளை யாருடைய கைகளையோ பார்ப்பதுபோலப் பார்த்தார். "ஜெனி, பழைய பெல்ட்டுல லேசா வச்சா சத்தம் வராது. போதுமான அளவு வச்சா டக் டக்னு கேக்கும். அது கேட்டா சரியா வச்சிருக்கேன்னு அர்த்தம். இதுல எவ்வளவு அமுக்குனாலும் கேக்க மாட்டேங்குது. கேக்குற வரைக்கும் அமுக்கறேன்."

"கையில தெரியாதா, எவ்வளவு அழுத்தம்னு?" என்று பின்னாலிருந்து முகைதீன் கேட்டார்.

டாரியஸ் பதில் சொல்லவில்லை. ஜெனிவீவும் சொல்லவில்லை. கையில் தெரியாது. எப்போதோ தெரியாமல் போய்விட்டது. விரல் செய்ய வேண்டிய வேலையை இத்தனை நாளாகக் காது செய்துவந்திருக்கிறது. அவருடைய விரலைக் கெடுத்ததும் அந்தத் தட்டல்தான், கெட்ட விரலுக்குப் பதிலாக உழைத்ததும் அந்தத் தட்டல்தான். நல்லது செய்கிறேன் பேர்வழி என்று அவள் வந்து அதையும் பிடுங்கிக்கொண்டாள். குருடன் கைக்கோலில் முள் இருக்கிறதென்று கோலையே வாங்கிக்கொண்ட கதை. அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும் போலிருந்தது அவளுக்கு.

ஆனால் அவள் அளக்கிறவள். அழுவதற்கு முன்னால் எதையாவது அளந்துவிடுகிற புத்தி. காதுதான் இவருக்கு விரல் என்றால், காதுக்கு வேறு என்ன கொடுக்கலாம்? தட்டல் போனபின் மிச்சமிருப்பது அந்த ரீங்காரம் மட்டும்தான். அவளுடைய காதுக்கு அது எப்போதும் ஒரே மாதிரிதான் கேட்டது. தன் காதை நம்பக்கூடாது என்று அவளுக்குத் தெரியும், பாடகர் குழுவே சாட்சி. போனை எடுத்தாள். அவளைப் பாட வைக்க அவர் போட்டுக்கொடுத்த ஆப் இன்னும் அதில் இருந்தது. திறந்து இயந்திரத்துக்குப் பக்கத்தில் பிடித்தாள்.

"இப்ப லேசா வைங்க."

வைத்தார். முள் நடுவில் நின்றது.

"இப்ப அமுக்குங்க. கருகுற அளவுக்கு."

அழுத்தினார். முள் மெல்லச் சாய்ந்து இடது பக்கம் இறங்கியது. கையை எடுத்ததும் ஏறி நடுவில் வந்து நின்றது. பாரம் ஏறினால் மோட்டார் இளைக்கிறது, இளைத்தால் ஒலி இறங்குகிறது. இத்தனை நாளும் இருந்ததுதான். டக் டக் என்ற சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

"இங்க பாருங்க, முள்ளு இறங்குது" என்றாள். "எனக்கு ஒண்ணும் கேக்கல. உங்களுக்குக் கேக்குதா?"

டாரியஸ் ஒரு பக்கத்துக் காதடைப்பானைக் கொஞ்சமாக விலக்கினார். கைப்பிடியை வைத்தார், அழுத்தினார், எடுத்தார். மறுபடி வைத்தார். அவர் முகத்தை ஜெனிவீவ் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒத்திகையில் பின்வரிசை ஆண்குரல் ஒன்று பிசகினால் அவர் முகம் எப்படிப் போகுமோ அப்படிப் போயிற்று.

"அட" என்றார். "அரைச் சுதி விழுதே."

"விழாம பாத்துக்க முடியுமா?"

"ஒம்போது பேர விழாம பாத்துக்கறேன் வாராவாரம். இது ஒரு மோட்டார்."

காதடைப்பானைச் சரியாகப் போட்டுக்கொண்டு புதுக் கைப்பிடி ஒன்றை எடுத்தார். முதலில் இயந்திரத்தின் ரீங்காரத்தோடு தன் குரலைச் சேர்த்து ஹும் என்று பிடித்துக்கொண்டார். பிறகுதான் ஸ்டீலை பெல்ட்டில் வைத்தார். இரண்டு ஒலியும் ஒட்டிக்கொண்டு போயின. ரீங்காரம் தன் குரலை விட்டு இம்மி இறங்கினாலும் கை தானாக இளகியது. கைப்பிடி இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நகர்ந்து வெளியே வந்தது. முகைதீன் அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நீலம் இல்லை. பழைய பெல்ட்டில் ஒட்டு முட்டி முட்டி விழுகிற வரிவரியான தடமும் இல்லை. அவருடைய தாடி அதில் நன்றாகத் தெரிந்தது.

"இன்னொண்ணு போடு" என்றார். டாரியஸ் போட்டார். "இன்னொண்ணு." அதுவும் வந்தது.

"தங்கச்சி, பெல்ட்டு இருக்கட்டும்" என்றார் முகைதீன். "ஹம்னாகிட்ட நானே சொல்லிக்கறேன். ஆனா ஒண்ணு கேக்கணும்." அவர் டாரியஸ் பக்கம் திரும்பினார். "கையில தெரியாதான்னு கேட்டேன். நீ பதில் சொல்லல."

பெல்ட் தேறிவிட்டது. வாக்குப்படி ஜெனிவீவ் வாயைத் திறக்க வேண்டியதில்லை. அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார், இயந்திரத்தைப் பார்த்தார், கடைசியில் அவளைப் பார்த்தார். அவருக்குப் பொய் சொல்ல வராது என்று முதலிலேயே சொன்னேனே.

"தெரியாது அண்ணே. ரொம்ப நாளா தெரியல."

முகைதீன் திட்டினார். மெல்ல அல்ல, பட்டறை முழுக்கக் கேட்கத் திட்டினார். வெட்கமில்லையா, வாயில் என்ன கொழுக்கட்டையா, என்னை மனுஷன் என்று நினைத்தாயா இல்லையா, உனக்கு ஒன்று ஆகியிருந்தால் தங்கச்சி முகத்தில் நான் எப்படி முழிப்பேன் என்று மூச்சுவிடாமல் திட்டிவிட்டு, பேக்கிங்கில் போடாமல் விட்டார். காலையில் இயந்திரம், மதியத்துக்குமேல் மற்றவர்கள் மெருகிட்டதை வெளிச்சத்தில் பார்த்துத் தேர்ந்தெடுக்கிற வேலை என்று பிரித்துக் கொடுத்தார். பட்டறைக்கு இனி தட்டாத பெல்ட் மட்டும்தான் வர வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்.

பஸ்ஸில் திரும்பும்போது டாரியஸ் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார்.

"கோவமா?" என்றார்.

"ஆமா" என்றாள் ஜெனிவீவ். சொல்லிவிட்டு அவர் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள்.

ரேடியோ திரும்பவும் பாடத் தொடங்கியது. ஆனால் தாளம் போட ஆளில்லாததால் துள்ளுகிற பாட்டெல்லாம் போய்விட்டது. இயந்திரச் சுதியோடு இழைந்து இழுத்துப் பாடுகிற தவக்காலப் பாட்டுகளாகவே வந்தன. "அண்ணே, வருஷம் முழுக்கப் பெரிய வெள்ளிக்கிழமை மாதிரி இருக்கு, ஒரு கிறிஸ்துமஸ் பாட்டாவது போடுங்க" என்று பக்கத்து இயந்திரத்துக்காரர்கள் கெஞ்சினார்கள். தட்டாத பெல்ட்டை வேறு பட்டறைகளும் கேட்டு வாங்கின. ஹம்னா அதற்குப் பெரிய இடத்தில் பாராட்டு வாங்கிக் கொடுத்தாள். ஜெனிவீவ் அந்தச் சான்றிதழை எங்கே வைத்தாள் என்று அவளுக்கே ஞாபகமில்லை.

அவள் பார்த்துக்கொண்டிருந்ததெல்லாம் வேறு. விரல் காலையில் வெளுக்கிறதா, எவ்வளவு நேரம் வெளுத்திருக்கிறது என்று பார்த்தாள். கோப்பித் தம்ளரை எங்கே பிடிக்கிறார் என்று பார்த்தாள். கேட்கவில்லை. கேட்டால் நல்லாயிருக்கு என்றுதான் சொல்லுவார். மாதங்கள் போயின. மழை வந்தது. ஒருநாள் கோப்பிக் கடையில் அவர் தம்ளரின் இடுப்பில் கையை வைத்துவிட்டு வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, "யப்பா, என்னா சூடு" என்றார். ஜெனிவீவ் முகத்தைத் திருப்பிக்கொண்டு மீன் விற்கிற கடையைப் பார்த்தாள். மீன் வாங்குகிற உத்தேசம் எதுவும் அவளுக்கு இல்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்திய ஞாயிறு. கண்ணாடி முன்னால் அவள் நின்றாள். டாரியஸ் பெட்டியிலிருந்து சங்கிலியை எடுத்து அந்தப் பெரிய கொக்கியைத் திருப்பிப் பார்த்தார்.

"ஜெனி, இது கழுத்துல குத்துமே."

"குத்தும்."

"இத்தன நாளா குத்துச்சா?"

"குத்துச்சு."

"சொல்லலையே நீ."

அவள் பின்கழுத்தைத் தடவிக்கொண்டாள்.

"பழைய கொக்கிதான் உனக்கு அழகு" என்றார் அவர், சங்கிலியைப் பார்த்தபடியே. "அது இப்ப எங்க கெடக்கோ."

ஜெனிவீவ் அந்தச் சின்னப் பெட்டியை அவர் கையிலிருந்து வாங்கி, அடியில் மடித்து வைத்திருந்த கைக்குட்டையை எடுத்துப் பிரித்தாள். கொக்கி இருந்தது. இவ்வளவு நாளும் தாலிக்குக் கீழேயே இருந்திருக்கிறது. டாரியஸ் அதைப் பார்த்தார். அது தேய்ந்த கொக்கி இல்லை என்று அவளுக்கு எப்போதிலிருந்து தெரியும் என்பது அவருக்கு அந்த நிமிஷத்தில் புரிந்தது.

அவர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சின்னக் குறடு ஒன்றை எடுத்துவைத்துக்கொண்டார். சங்கிலி முனையில் இருந்த இணைப்பு வளையத்தைத் திறந்து பெரிய கொக்கியைக் கழற்றினார். வளையம் எறும்பு அளவு. ஒருமுறை நழுவி மேசையில் ஓடியது. ஜெனிவீவின் கை தானாக முன்னால் போயிற்று. அதை இழுத்துப் பின்னால் கட்டிக்கொண்டாள். உதவக் கூடாது. அவர் வளையத்தை விரல் நுனியால் தொட்டு, ஒட்டி எடுத்து, பழைய கொக்கியைக் கோத்து, குறடால் நெருக்கினார். கீழே ரோட்டில் அவர்களுடைய பஸ் வந்து நின்று போயிற்று.

பிறகு அவள் கண்ணாடி முன்னால் போய் நின்றாள். அவர் பின்னால் வந்து நின்றார். கண்ணாடியில் அவள் பார்த்தாள். அவர் கண்ணைச் சுருக்கவில்லை, நாக்கைக் கடிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தார். விரல்கள் கொக்கியைத் தேடின, தொட்டன, திருப்பின, வளையத்தில் ஏற்றின.

பின்கழுத்தில் ஒரு தட்டு விழுந்தது.

"கெளம்பு" என்றார்.

ஜெனிவீவ் நகரவில்லை. "இன்னொரு தரம் தட்டுங்க" என்றாள்.